கைத்திறனுக்குக் குலமில்லை: விக்டோரியா காலத்து அழகியலும் மனுவின் பட்டறையும்

1886ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் சவுத் கென்சிங்டனில் காலனி நாடுகளின் பொருட்களையும் இந்தியப் பொருட்களையும் காட்டும் மாபெரும் கண்காட்சி ஒன்றை விக்டோரியா மகாராணி திறந்து வைத்தார். அதைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 55 இலட்சம் பேர். கண்காட்சிக்குள் ஓர் இந்திய அரண்மனையையே கட்டி எழுப்பியிருந்தார்கள். அதன் முற்றத்தில், இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட 34 கைவினைஞர்கள் உட்கார்ந்து கம்பளம் நெய்தார்கள், பானை வனைந்தார்கள், உலோகம் தட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குலத்தொழில் செய்துவரும் அசல் இந்தியக் கைவினைஞர்கள் இவர்கள் என்று லண்டன் வியந்தது. மகாராணியும் வியந்தார். ருடால்ஃப் ஸ்வபோடா என்ற ஆஸ்திரிய ஓவியரைக் கொண்டு அவர்களை உருவப்படங்களாக வரைய வைத்தார்.

அந்த வியப்புக்கு அடியில் கிடந்த உண்மை வேறு. அவர்களில் பலர் ஆக்ரா மத்திய சிறையின் கைதிகள். சிறைக்குள் கைதிகளுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட வேலையைத்தான் அவர்கள் லண்டனில் செய்து காட்டினார்கள். அவர்களை அழைத்து வந்தவரும் சிறைக் கண்காணிப்பாளரான டாக்டர் டைலர்தான்.

சிறையில் கற்ற வேலையை ரத்தத்தில் ஊறிய வேலை என்று ஐரோப்பாவின் ரசிகக் கண்கள் நம்பின. இந்த ஒரு செய்தி போதும், 'பரம்பரைக் கைத்திறன்' என்ற கதை எவ்வளவு பொய்யானது என்று காட்ட. கம்பளம் நெய்யும் விரலுக்கு வேண்டியது பயிற்சி. பாட்டன் யார் என்று நூல் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கதை 1886 கண்காட்சியோடு முடிந்துவிடவில்லை. அழகியல் என்ற பெயரில் அங்கே மெருகேற்றப்பட்ட சாதி, நூறாண்டு கடந்து நம் அரசாணைகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனவே அந்தக் காலத்தின் கலையையும் வடிவமைப்பையும் நாகரிக உடையையும் சாதி ஒழிப்புக் கண்ணோடு பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

ஊசிமுனையில் போன உயிர்கள்

விக்டோரியா காலம் என்றதும் நினைவுக்கு வருவது பகட்டு. 1851இல் ஹைடு பூங்காவில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்த பளிங்கு மாளிகை. எஃகு வளையங்களால் குடைபோல் விரிந்த பாவாடை. வில்லியம் பெர்கின் 1856இல் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கை ஊதாச் சாயம். 1858இல் தன் மகளின் திருமணத்துக்கு அந்த ஊதா நிறத்தில் உடுத்தி வந்தார் மகாராணி. சீமாட்டிகள் எல்லோரும் ஊதாவுக்கு மாறினார்கள்.

அந்த உடைகளைத் தைத்தவர்கள் யார்? 1863ஆம் ஆண்டு மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் லண்டனில் சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். புதிதாக மணமாகி வந்த இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்கு உடைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல், மற்ற 60 பெண்களோடு, ஓர் அறைக்கு 30 பேர் என்று அடைபட்டுத் தைத்தார். படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் இந்தச் சாவைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மட்டில்டா ஷூரர் என்ற பத்தொன்பது வயதுப் பெண் இறந்தார். சீமாட்டிகளின் தலையை அலங்கரிக்கும் செயற்கைப் பூக்களுக்குப் பச்சைத்தூள் பூசுவது அவர் வேலை. அந்தப் பச்சை, ஆர்சனிக் நஞ்சு.

இந்தக் கொடுமையைக் கண்டு கொதித்தவர்கள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் ரஸ்கின் 1853இல் வெளிவந்த 'வெனிஸின் கற்கள்' நூலின் இரண்டாம் தொகுதியில் ஓர் ஆழமான கருத்தை முன்வைத்தார். ஆலைகளில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறோம் என்று பெருமைப்படுகிறோம்; உண்மையில் துண்டாக்கப்படுவது மனிதன்தான் என்பது அதன் சாரம். கொண்டை ஊசியின் ஒரு முனையை மட்டும் வாழ்நாளெல்லாம் தீட்டுகிறவன் முழு மனிதனாக வாழ முடியாது என்று அவர் வாதிட்டார். வில்லியம் மாரிஸ் இந்தச் சிந்தனையைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். அந்த அத்தியாயத்தை மட்டும் தனி நூலாக 1892இல் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் அச்சிட்டார்.

இதைப் படிக்கும் நமக்கு 1936 நினைவுக்கு வருகிறது. 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர், சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்குப் பதில் சொன்னார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்றார். மனிதனின் திறமையையோ விருப்பத்தையோ பார்க்காமல், பிறப்பதற்கு முன்பே அவன் தொழிலை முடிவு செய்கிறது என்றார். ரஸ்கின் ஆங்கில ஆலையில் கண்ட நோயை, அதைவிடப் பழையதும் கொடியதுமான வடிவில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தில் கண்டார்.

அப்படியென்றால் ரஸ்கினின் வழிவந்த அழகியல்வாதிகள் இந்தியக் கிராமத்தைப் பார்த்தபோது அந்த நோயைக் கண்டிருக்க வேண்டாமா? அவர்கள் கண்டது சொர்க்கத்தை!

மனுவுக்குச் சூட்டிய மாலை

ஜார்ஜ் பேர்ட்வுட் பெல்காமில் பிறந்த ஆங்கிலேயர். பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றி அங்கே அருங்காட்சியகப் பொறுப்பிலும் இருந்தவர். 1880இல் 'இந்தியாவின் தொழிற்கலைகள்' என்ற நூலை எழுதினார். சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் கையேடாக வெளிவந்த இந்நூல், இந்தியக் கைவினை பற்றி ஐரோப்பாவுக்குப் பாடநூலாக விளங்கியது. அதில் அவர் தீட்டிய கிராமக் காட்சி புகழ்பெற்றது. சக்கரத்தின் முன் குயவர், தறிகளில் நெசவாளர், பாத்திரம் தட்டும் கன்னார், நகை செய்யும் தட்டார். ஆலைப் புகை இல்லாத, அவசரம் இல்லாத, எல்லோரும் நிறைவோடு வாழ்கிற ஊர்.

இந்த ஊரை யார் கட்டிக்காத்தது? பேர்ட்வுட் சொல்லும் விடை, மனு. பரம்பரைக் கைவினைஞர்களை இந்தியக் கிராமங்களுக்கு நிரந்தரமாக உறுதி செய்து தந்தது மனுவின் சட்டமே என்று அவர் மெச்சுகிறார்.

மனு என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாமல் எழுதிவிட்டார் என்று சாக்குச் சொல்ல முடியாது. வில்லியம் ஜோன்ஸ் மனுவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1794இலேயே வெளியிட்டாயிற்று. கீழ்ச்சாதியான் மேல்சாதியாரின் தொழிலைச் செய்து பிழைத்தால் அவன் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டும் என்கிறது மனுவின் பத்தாம் அத்தியாயம். ஆற்றல் இருந்தாலும் சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. குயவர் மகன் குயவராகவே இருந்ததற்குக் காரணம் மண்மேல் கொண்ட காதல் என்று பேர்ட்வுட் நினைத்துக்கொள்ளலாம். வேறு வழியில் போனால் என்ன நடக்கும் என்பது குயவர் மகனுக்குத் தெரியும்.

அந்த அழகிய காட்சியில் தீண்டாமை தெரிவதில்லை. செத்த மாட்டைச் சுமந்தவர்களும் மலக்கூடையைத் தூக்கியவர்களும் அந்த ஊரில்தானே இருந்தார்கள்? அவர்கள் செய்ததும் 'பரம்பரைத் தொழில்' தானே? அதை ஏன் எந்தக் கண்காட்சி முற்றத்திலும் உட்கார வைத்துக் காட்டவில்லை? அழகாக இருக்கிற அடிமைத்தனம் கலை, நாறுகிற அடிமைத்தனம் மறைக்க வேண்டியது. குலத்தொழிலின் பெருமையைப் பேசுகிற எவரும் இன்றுவரை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. பேர்ட்வுட் வாழ்ந்த அதே பம்பாய் மாகாணத்தில் ஜோதிராவ் புலே 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்டுப் பார்ப்பனிய அடிமைத்தனத்தைத் தோலுரித்தார். பேர்ட்வுட் நூல் வந்த இரண்டே ஆண்டில், 1882இல், ஹண்டர் கல்விக் குழுவின் முன் சூத்திர, ஆதிசூத்திர மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று வாதிட்டார். உழைக்கும் மக்கள் கேட்டது பள்ளிக்கூடம். அவர்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன ரசிகர்கள் பரிந்துரைத்தது சக்கரமும் தறியும்.

பேர்ட்வுட்டின் அழகியலில் இன்னொரு படிநிலையும் உண்டு. இந்தியரிடம் கைவினை உண்டு, உயர்கலை இல்லை என்பது அவர் கருத்து. 1910இல் ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றின் படத்தைக் காட்டி, அவித்த கொழுப்புக் களிக்கு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். கை உனக்கு, மூளை எனக்கு என்பதே இதன் பொருள். பார்ப்பனியம் காலங்காலமாகச் செய்த பாகப்பிரிவினையும் இதுதான். ஏகாதிபத்தியம் அதை அருங்காட்சியகத்தின் மொழியில் பேசியது.

நெய்தவரின் கழுத்தும் உடுத்தியவரின் தோளும்

இந்தியத் துணிமீது விக்டோரியா காலம் கொண்ட மோகத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்திய மக்களின் துணிகளையும் உடைகளையும் பற்றி ஒரு பெரும் தொகுப்பை உருவாக்கினார். 18 தொகுதிகளில் 700 துணி மாதிரிகள் வெட்டி ஒட்டப்பட்டன. மொத்தம் 20 பிரதிகள்; 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று பார்த்து ஆங்கில ஆலைகள் அதேபோல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது நோக்கம்.

இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்பதைச் சந்தைக்காக இப்படி ஆராய்ந்த அதே ஆண்டுகளில், யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்துக்கொண்டிருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. அவர்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அணியக் கூடாது! லண்டனில் பணம் இருந்தால் எவரும் ஊதாப் பட்டு வாங்கலாம். இங்கே பணம் இருந்தாலும் தோளை எப்படி மூடுவது என்பதற்குச் சாதியிடம் அனுமதி பெற வேண்டும். இந்திய உடைகளின் வண்ணத்தையும் மடிப்பையும் ரசித்தவர்கள், மடிப்புக்கும் சாதி உண்டு என்பதைக் கலைநூல்களில் எழுதவில்லை.

நெய்தவரின் கதி என்ன? காஷ்மீர் சால்வையை எடுத்துக்கொள்வோம். 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி பிரிட்டிஷார் காஷ்மீரை 75 இலட்சம் ரூபாய்க்குக் குலாப் சிங்குக்குக் கொடுத்தார்கள். அதற்கு அடையாளமாக ஆண்டுதோறும் ஒரு குதிரையும், சால்வைக்கு உரோமம் தரும் 12 ஆடுகளும், மூன்று சோடி சால்வைகளும் பிரிட்டிஷ் அரசுக்குத் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். நாம் மாங்காய் டிசைன் என்று சொல்லும் வடிவம் அந்தச் சால்வையின் வழியாகத்தான் ஐரோப்பாவைப் பிடித்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தறிகள் அதை நகல் செய்தன. இன்று உலகம் அந்த வடிவத்தைப் பெய்ஸ்லி என்றே அழைக்கிறது. நெய்தவரின் ஊர்ப்பெயர்கூட மிஞ்சவில்லை.

அந்தச் சால்வையை நெய்த முஸ்லிம் தொழிலாளர்கள் வரிச்சுமையால் நசுங்கினார்கள். தொழிலை விட்டுப் போகவும் அவர்களுக்கு வழி விடப்படவில்லை. தப்பியவர்கள் பஞ்சாபுக்கு ஓடினார்கள். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் அவர்கள் ஊர்வலமாகத் திரண்டபோது படை ஏவப்பட்டது. 28 பேர் மாண்டார்கள். பிறகு 1870களில் ஐரோப்பிய மோஸ்தர் மாறியது. பாவாடையின் உருவம் மாறியதும் தோளில் விரிந்து கிடந்த சால்வைக்கு வேலை இல்லாமல் போயிற்று. லண்டன் சீமாட்டி சால்வையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு வேறொன்றை உடுத்திக்கொண்டார். ஒரே தொழிலில் கட்டிப் போடப்பட்ட நெசவாளி எதை மாற்றிக்கொள்வார்? அடுத்து வந்த பஞ்சம் அவரைத்தான் முதலில் தின்றது. மாற்றுத் தொழில் இல்லாத கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது கழுத்தில் சுருக்குதான்.

மாரிஸுக்கு இருந்த சுதந்திரம்

கைவினை மறுமலர்ச்சியின் நாயகனான வில்லியம் மாரிஸின் வாழ்க்கையே நம் வாதத்துக்குச் சாட்சி. அவர் தந்தை லண்டனில் நிதித் தரகர். மகன் பாதிரியாராகப் போவதாக இருந்து, கட்டடக்கலைக்கு மாறி, ஓவியத்துக்கு வந்து, பூத்தையல், வண்ணக் கண்ணாடி, சுவர்த்தாள் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு லீக் நகரத்துச் சாயப்பட்டறையில் தாமஸ் வார்டிலோடு நின்று, கை நீலமாகும்வரை அவுரிச் சாயம் தோய்க்கப் பழகினார். 1879இல் படுக்கையறையில் தறி போட்டுத் திரைச்சீலை நெய்யத் தானே கற்றுக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் அச்சகம் தொடங்கினார். அவர் மகள் மே மாரிஸ் 23 வயதில் நிறுவனத்தின் பூத்தையல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

தரகர் மகன் தறியில் உட்காரலாமா என்று எந்தப் பஞ்சாயத்தும் மாரிஸைக் கேட்கவில்லை. நெசவாளி மகனுக்கு அந்தச் சுதந்திரம் நேர்த்திசையிலும் இல்லை, எதிர்த்திசையிலும் இல்லை. மாரிஸின் வேலைப்பாடு அழகாக இருந்ததற்குக் காரணம், அது விரும்பிச் செய்த வேலை. இதைத்தான் வாழ்நாள் முழுவதும் அவரும் சொன்னார். 1883இல் சோசலிச இயக்கத்தில் சேர்ந்து, உழைப்பில் இன்பம் எல்லோருக்கும் வேண்டும் என்று தெருவில் நின்று பேசினார். ஆனால் இந்தியக் கைவினை அழிகிறதே என்று வருந்தியபோது, அதைச் செய்கிறவர் விரும்பித்தான் செய்கிறாரா என்ற கேள்வியை அதே கூர்மையோடு அவர் எழுப்பவில்லை.

மாரிஸ் குடும்பத்துச் செல்வம் டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்திலிருந்து வந்தது. செம்புக்குப் பிறகு அங்கே பெருமளவில் எடுக்கப்பட்டது ஆர்சனிக். மாரிஸே சில ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்து 1870களின் நடுவில் விலகினார். அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள் ஒன்றின் பச்சையிலும் ஆர்சனிக் இருந்ததைப் பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது. அழகைப் பற்றி அக்கறையோடு பேசியவரின் சுவரிலேயே சுரங்கத் தொழிலாளியின் நஞ்சு ஒட்டியிருந்தது. நல்ல மனம் மட்டும் போதாது, யார் தலையில் யார் நிற்கிறார் என்ற கணக்கும் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

லண்டனிலிருந்து நம் அரசாணை வரை

இந்தக் கருத்து எப்படி நம்மிடம் திரும்பி வந்தது? கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, இங்கிலாந்தின் கைவினை இயக்கத்தாரோடு பழகி வளர்ந்தவர். 1909இல் அவர் எழுதிய 'இந்தியக் கைவினைஞர்' நூலுக்கு அந்த இயக்கத்தின் சி.ஆர். ஆஷ்பி முன்னுரை எழுதினார். பரம்பரைத் தொழிலமைப்பை அந்நூல் போற்றியது. ரஸ்கினைப் படித்து உருகி 1908இல் குஜராத்தியில் எழுதிய காந்தியார், 1936இல் அம்பேத்கருக்குப் பதில் எழுதும்போது மூதாதையர் தொழிலைச் செய்வதே வருண தர்மம் என்று நின்றார். ஆலைக்கு எதிராக இங்கிலாந்தில் எழுந்த முழக்கம், இந்தியாவுக்கு வந்ததும் சாதிக்குக் காவலாக மாறியது.

1953இல் இராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சரியான பெயர் சொல்லி அழைத்தார். தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் குப்பையில் போட்டது. 2023இல் ஒன்றிய அரசு அதே சரக்கை 'விஸ்வகர்மா' என்ற பெயரில் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குடும்ப வழித் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் உளியும் கடனும்! தமிழ்நாடு அரசு இதை ஏற்க மறுத்து, 35 வயது நிரம்பியவர்களுக்கு, குலம் பார்க்காத தனித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் பேர்ட்வுட்டின் கிராமம் நம் மாவட்டத் தொழில் மையங்களில் படிவமாக நிரப்பப்பட்டிருக்கும்.

அப்படியானால் கைவினை அழியட்டுமா என்று கேட்பார்கள். கைத்தறியும் மண்பாண்டமும் மரவேலையும் வாழ வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். அவை வாழ வழி, அவற்றைச் செய்கிறவருக்கு நியாயமான கூலியும், வடிவமைத்தவர் என்ற பெயரும், சந்தையில் பங்கும் தருவது. கூடவே, அந்த வேலையின் கதவை எல்லோருக்கும் திறந்து விட வேண்டும். அக்கிரகாரத்துப் பிள்ளை தோல் பதனிடக் கற்கட்டும், பறை செய்யக் கற்கட்டும். செருப்புத் தைப்பவர் பிள்ளை வடிவமைப்புக் கல்லூரியில் பேராசிரியர் ஆகட்டும். குலத்தொழில் புனிதமானது என்று பேசுகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து முதல் பிள்ளையை அனுப்பட்டும்.

ஒரு தொழிலைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கவும், வேண்டாம் என்றால் உதறிவிட்டுப் போகவும் உரிமை உள்ள கையில்தான் கலை பிறக்கும். அந்த உரிமையைப் பறித்துவிட்டு, அதன் பின்னும் அந்தக் கை படைத்த அழகைக் காட்டி, பறித்ததையே நியாயப்படுத்துவது திருட்டு. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் மின்னும் சேலையைப் பார்க்கும்போது நெய்தவர் பேரப்பிள்ளை எந்த வகுப்பு வரை படித்தார் என்று கேட்கப் பழகுவோம்.